கூவாகத்து அரவான் மணம்: களவு, கற்பு நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

நடுநாடு என வழங்கும் நிலப்பகுதியில், மணிமுத்தாறும் கோமுகியாறும் கூடுமிடத்தே அமைந்தது நல்லூர். பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்த இவ்வூரிலிருந்து வடக்கு நோக்கி உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து செல்வோர், கூவாகம் என்னும் சிற்றூரை அடைவர். 1993 வரை பிரிவுறாதிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தில் இவ்விரண்டு ஊர்களும் அடங்கியிருந்தன. இன்று நல்லூர் கடலூர் மாவட்டத்திலும், கூவாகம் 2019இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ளன.

ஆண்டின் பெரும்பகுதியில் கூவாகம் உழவர் வாழும் அமைதியான ஊர். சித்திரைத் திங்களில் மட்டும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கையர் ஆயிரக்கணக்கில் இங்கு வந்து, கூத்தாண்டவர் எனப் பெறும் அரவானுக்கு மனைவியராய்த் தாலி பூண்டு, மறுநாளே அதனை அறுத்துக் கைம்மை ஏற்கின்றனர். இதனைக் கண்டோர் பலர், புறவுலகிற்குப் புலப்படாத மறைபொருள் நிறைந்த ஊராகக் கூவாகத்தை எழுதினர். ஆயின் அங்கு நிகழும் மணம் எல்லோரும் காணத் திறந்த வெளியில் நிகழ்வது. மறைக்கப்படுவது வேறொன்று. அஃது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்விற்குரிய அளவுகோலைத் தமிழ் மரபிலிருந்தே கொள்ளலாம். தொல்காப்பியர் காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுத்தார். பிறர் அறியாது ஒழுகுவது களவு. உலகறியக் கரணத்தொடு கொள்ளுவது கற்பு. களவு முதிர்ந்து கற்பாதலே அகப்பொருளின் நெறி. கூவாகத்தில் அந்நெறி முறிந்து நிற்கின்றது. ஆணுடலிற் பிறந்தார் ஆடவர்மேற் கொண்ட காதலிற் களவு ஒருபாலும் கற்பு ஒருபாலுமாகப் பிரிந்துள்ளன என்பதும், அவ்விரண்டனையும் மீண்டும் இணைக்கும் முயற்சியே அண்மைக் கால வரலாறு என்பதும் யாம் நிறுவ விழையும் கருத்துகள்.

2. இலக்கணம் கண்ட பால்

பிறந்த பாலினின்றும் திரிந்த மாந்தரைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பா, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒருங்கு வைத்து ஓதுகின்றது. இவ்விருவகைப் பெயர்க்கும் தமக்கெனப் பால் உணர்த்தும் ஈறு இல்லை; உயர்திணைக்குரிய பாலீறுகளையே பெற்று வரும் என்பது அதன் கருத்து. அவ்வியலிலேயே பின்வரும் மற்றொரு நூற்பா, அப்பெயர் ஆண்பாற் சொல்லொடு முடிதற்கு இடமில்லை என விலக்குகின்றது. ஆகவே தொல்காப்பியர் இவர்களை உயர்திணையில் நிறுத்தினார்; ஆண்பாலினின்றும் நீக்கினார்; தெய்வத்தின் அருகே இடம் தந்தார்.

13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூற் பெயரியலில் இதே பொருளைப் பேசுங்கால் இரண்டு மாற்றங்கள் புகுகின்றன. ஒன்று, பாலை வரையறுக்க அவர் அவாவுதல் என்னும் சொல்லைக் கையாளுகின்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவது ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால். உடலன்று, உள்ளத்து விழைவே பாலைத் தீர்மானிக்கும் என்னும் இக்கருத்து, இன்றைய சட்டமொழி மிகப் பிற்காலத்தே வந்தடைந்த கருத்தாகும். மற்றொன்று, அவ்விருவகையாரும் அஃறிணையினைப் போலவும் முடிபு பெறலாம் என அவர் ஓர் இசைவு தருகின்றார். விழைவை ஏற்ற அதே நூற்பா திணையைத் தளர்த்திவிட்டது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நன்னூலார் கூறும் அவா, ஒருவர் தம் தன்மையின்மேற் கொள்ளும் அவா. பிறிதொருவர்மேற் கொள்ளும் காதல் அன்று. இலக்கணம் பேடியையும் அலியையும் அறிந்தது. அவர் யாரைக் காதலித்தார், அவரை யார் காதலித்தார் என்பதனை அது வினவவில்லை.

இலக்கியத்திற்கும் இது பொருந்தும். சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் பேடு என்பது காமன் ஆடியது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் வீதியிற் பேடிக் கோலத்து ஆடுவாரைச் சூழ நின்று காணும் மக்களைச் சாத்தனார் காட்டுகின்றார். மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் இறைவனைப் பெண்ணாகவும் ஆணாகவும் அலியாகவும் பாடுகின்றார். நம்மாழ்வாரோ அம்மூன்றும் அல்லன் என்கின்றார். ஆடுவோராகவும் இறைமையின் குறியீடாகவும் இவர்கள் நூல்களில் இடம்பெற்றனர். தலைவனாகவோ தலைவியாகவோ அகத்திணையுட் புகவில்லை.

3. அரவான் கதையின் வளர்ச்சி

வடமொழிப் பாரதத்தில் இராவான் என்பான் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகின்றான். போருக்கு முன் பலியாதல் ஆங்கில்லை. தமிழ்நாட்டில் அவன் களப்பலியாக மாறுகின்றான். 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் இயற்றிய பாரத வெண்பாவிலேயே அரவான் களப்பலி இடம்பெறுகின்றது. பின்வந்த வில்லிபுத்தூரார் பாரதமும் அதனைப் பாடுகின்றது.

எனினும் கூவாகத்துச் சடங்கிற்கு உயிராய் விளங்கும் நிகழ்ச்சி, அஃதாவது அரவான் திருமணம், கூத்தாண்டவர் வழிபாட்டைச் சார்ந்த வாய்மொழிக் கதையில் விளைந்தது. பலியாகுமுன் மணம் புரிந்துகொள்ள அரவான் விரும்பினான். ஓரிரவிற்குப்பின் கைம்பெண்ணாக எவளும் இசைந்திலள். கண்ணனே மோகினியாகி அவனுக்கு மனைவியாயினான். விடிந்தபின் அவனுக்காகத் தாலி அறுத்து அழுதான் என்பது அக்கதை.

இக்கதையின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. மோகினி பெண்ணுருக் கொண்ட ஆண்தெய்வம். அரவானின் தந்தையாகிய அருச்சுனனோ, போருக்கு முந்தைய ஆண்டு விராடன் அரண்மனையிற் பேடியாய் வாழ்ந்தவன். பாரதம் ஒரு மறைவிடமாகப் பயன்கொண்ட கோலத்தை, கூத்தாண்டவர் கதை ஒரு மணமாக மாற்றியது. அம்மணத்தை ஏற்றற்கு அது விதித்த விலை, கணவனது சாவு.

ஆண் ஒருவர் ஆண்தெய்வத்தின்மேற் காதல் கொண்டு பாடுதல் தமிழ்ப் பத்தி இலக்கியத்திற்குப் புதிதன்று. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். ஆங்கும் பாடுவார் பெண்ணாதல் வேண்டும், காதலன் இறைவனாதல் வேண்டும் என்னும் இரு வரம்புகள் உள்ளன. ஆயின் ஆழ்வார்தம் காதலன் அழிவற்றவன். பிரிவு அங்கு நிலையாமைக்கு உட்பட்டது, கூடல் எய்துதற்குரியது. கூவாகத்துக் காதலனோ ஓரிரவின் எல்லைக்குட்பட்டவன். பத்திப் பாடலில் நாயகி காத்திருக்கின்றாள். கூவாகத்தில் மனைவி கைம்மை பூணுகின்றாள்.

4. விழாவின் நிகழ்முறை

திரௌபதியம்மன் கோயில்களில் அரவான் துணைத்தெய்வமே. கூத்தாண்டவர் கோயில்களில் அவனே தலைமைத் தெய்வம். இத்தகைய கோயில்கள் நடுநாட்டில் ஒன்றிற்கு மேற்பட்டன. பரங்கிப்பேட்டையை அடுத்த கொத்தட்டையிலும், புதுச்சேரியைச் சார்ந்த பிள்ளையார்குப்பத்திலும் திருநங்கையர் வந்து கூடும் விழாக்கள் உள்ளன. கூவாகம் அவற்றுட் பெரும்புகழ் பெற்றது.

சித்திரைத் திங்களிற் சாகை வார்த்தலுடன் விழா தொடங்கும். நிறைமதியை ஒட்டிய நாளின் மாலையில், மணக்கோலம் பூண்ட திருநங்கையர் கோயிலுட் சென்று பூசாரியின் கையால் மஞ்சட் கயிற்றுத் தாலி பெறுவர். இரவு முழுதும் கும்மியும் பாட்டும் ஆட்டமும் நிகழும். மறுநாட் காலையில் அரவானின் பேருருவம் தேரில் நிறுவப்பெறும். அவ்வுருவின் உறுப்புகள் அயலூர்களிலிருந்து வந்து சேர்வன. ஓர் உடலைப் பல ஊர்கள் பங்கிட்டுக் காப்பது, இவ்வழிபாடு ஓரூரின் உடைமையன்று என்பதற்குச் சான்றாகும். தேர் பந்தலடியை நோக்கிச் செல்லும். ஆங்கே அழுகளத்தில் தாலி அறுக்கப்பெறும், வளையல்கள் உடைக்கப்பெறும், பூக்கள் களையப்பெறும். நீராடி வெண்புடவை உடுத்துத் திருநங்கையர் ஊர்விட்டுச் செல்வர். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் இவ்விழா நடைபெறவில்லை.

அழுகளத்து ஒப்பாரி வெறும் நடிப்பன்று. அரவானுக்கென அழுகின்ற வேளையில் தம் வாழ்வின் துயரையும் சேர்த்து அழுவதாகத் திருநங்கையர் பலர் கூறியுள்ளனர். குடும்பத்தால் விலக்கப்பெற்றவர்க்கு, இறந்த கணவனுக்காக ஊரறிய அழும் உரிமை இந்த ஒரு நாளே கிடைக்கின்றது. கணவன் என ஒருவனைச் சுட்டி அழுதல் கற்பின் உரிமை. களவில் இருப்பார்க்கு அஃதில்லை. தலைவன் இறந்துபடின், உலகறியாக் காதலி எவ்வாசலில் நின்று அழுவாள்?

5. விழாவிற்கு வருவார் மூவகையினர்

கூவாகத்திற் கூடுவோர் எல்லாரையும் ஒரு வகையாக எண்ணுதல் பிழை. அவர்களை மூவகைப்படுத்திக் காணலாம்.

முதல் வகையினர், சுற்றூர்களைச் சேர்ந்த குடியானவர். நோய் நீங்கவும், மக்கட்பேறு வாய்க்கவும் நேர்ந்துகொண்ட ஆடவரும் சிறுவரும் அரவானுக்குத் தாலி பூண்டு பின்னர் அறுத்துக்கொள்ளும் வழக்கத்தை அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் தம் கள ஆய்விற் கண்டு எழுதியுள்ளார். திரௌபதி வழிபாடு பற்றி 1988இலும் 1991இலும் இரு தொகுதிகள் வெளியிட்ட அவர், 1995இல் அரவான் வழிபாடு பற்றித் தனிக்கட்டுரையும் வரைந்தார். இவ்வாடவர்க்குத் தாலி ஒரு நேர்த்திக்கடன். விழா முடிந்ததும் இவர்கள் தத்தம் மனைவி மக்களிடம் மீளுகின்றனர். ஆண் ஒருவன் ஆண்தெய்வத்திற்கு மனைவியாதல் இவ்வூரார்க்கு இழிவாகவோ வியப்பாகவோ தோன்றவில்லை என்பது இதனாற் புலனாகும். திருநங்கையர்க்கு இங்கு இடம் கிடைத்ததற்கு இவ்வழக்கமும் துணைசெய்திருத்தல் கூடும்.

இரண்டாம் வகையினர் திருநங்கையர். இவர்கள் தம்மைப் பெண்ணாக உணர்பவர். ஆடவரை விரும்பும் ஆடவரினின்றும் வேறானவர். குரு, சேலா என்னும் உறவுமுறையாற் பிணைக்கப்பெற்ற குடும்ப அமைப்பு இவர்களுக்கு உண்டு. குருவும் சேலாக்களும் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் இடமாகவும் கூவாகம் பயன்படுகின்றது.

மூன்றாம் வகையினரே நம் ஆய்விற்கு இன்றியமையாதவர். ஆணாகவே வாழ்ந்து, பெரும்பாலும் மணமும் செய்துகொண்டு, உள்ளத்தில் ஆடவர்மேல் விழைவுடையவராய் இவ்விழாவிற்கு வருவோர் உளர். திருநங்கையரை நாடி வரும் ஆடவரும் உளர். இவர்களைக் குறிக்கப் பொதுத்தமிழிற் சொல் இல்லை. குழுவினுள் மட்டும் சொற்கள் உள்ளன. பெண்ணியல்புடையாரைக் கோத்தி எனவும், அவர் விரும்பும் ஆடவரைப் பந்தி எனவும் அவர்கள் வழங்குவர். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக எண்ணிய குழூஉக்குறி என்பதற்கு இவை தக்க எடுத்துக்காட்டாம். குழூஉக்குறி ஒரு பொருளை மறைப்பது மட்டுமன்று; அப்பொருள் உண்டு என்பதற்கும் அதுவே சான்று.

இவ்விடத்தே அகத்திணை மரபொன்றை ஒப்பிடுதல் தகும். அகப்பாட்டிற் காதலர் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. அப்பெயரின்மை காதலை எல்லார்க்கும் உரியதாக்குவது. அதனாற் காதலுக்கு உயர்வு. பந்தி எனப்படும் ஆடவனின் பெயரின்மையோ காதலை எவர்க்கும் உரியதன்றாக்குவது. காதலியைக் கண்டு உலகம் நகைக்கும்போது, காதலன் கூட்டத்தினுட் கலந்து மறைகின்றான். விழா இரவிற் பெருங்கூட்டத்தாரால் திருநங்கையர் துன்புறுத்தப்படுதலும் உண்டு. பகலில் இகழ்வோரும் இரவில் நாடுவோரும் முற்றும் வேறானவர் அல்லர் என்பதைத் திருநங்கையரின் தன்வரலாறுகள் எடுத்துரைக்கின்றன.

எனவே கூவாகத்தில் மறைந்துள்ள விழைவு, மணக்கோலத்தில் நிற்பாரிடத்து இல்லை. அது கணவன் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளது. அவ்விடத்தில் மனிதன் ஒருவன் துணிந்து நிற்காமையால் தெய்வம் நின்றது. கற்பு அரவானுக்கு வாய்த்தது; களவு பெயரிலா ஆடவனுக்கு எஞ்சியது.

6. சட்டமும் பெயரும்

1860இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது எனத் தான் கருதிய உடலுறவைக் குற்றமாக்கியது. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வடஇந்தியாவில் அலிகள் எனக் கருதப்பெற்றோரைப் பதிவு செய்து கண்காணிக்க வழிசெய்தது. முன்னது செயலைத் தண்டித்தது. பின்னது ஆளையே ஐயத்திற்குரியவராக்கியது. தமிழிலக்கணம் உயர்திணையில் வைத்த மாந்தரைக் குடியேற்ற ஆட்சிச் சட்டம் குற்றப்பட்டியலில் வைத்தது எனலாம்.

1990களில் எய்ட்ஸ் தடுப்புப் பணி தொடங்கியபோது நிலை மாறியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. அப்பணியாளர்க்குக் கூவாகம் ஒரு களமாயிற்று. ஆடவருடன் உறவுகொள்ளும் ஆடவர் என்னும் புதிய வகைப்பாடு அப்போது ஏடுகளில் ஏறியது. பெயரிலா ஆடவனுக்குக் கிடைத்த அம்முதற் பெயர், நோய்த்தடுப்புக் கணக்கின் பெயராகவே அமைந்தது. இதே காலத்தில் அலி என்னும் வழக்கிற்கு மாற்றாக அரவாணி என்னும் சொல் பரவியது. அரவானின் மனைவி என்னும் பொருளுடைய அச்சொல், ஒருவரை அவர்தம் கணவனைக் கொண்டு சுட்டியது. பின்னர்த் திருநங்கை என்னும் சொல் நிலைபெற்றபோது அச்சார்பும் நீங்கிற்று. 2008இல் தமிழ்நாட்டரசு திருநங்கையர் நலவாரியத்தை நிறுவியது.

எழுத்துலகிலும் மாற்றம் நிகழ்ந்தது. கி. ராஜநாராயணனின் 'கோமதி' என்னும் சிறுகதை, சமையற்பணி செய்யும் பெண்ணியல்புடைய ஒருவர் ஆடவர் ஒருவர்மேற் கொள்ளும் ஈடுபாட்டைப் பேசியது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1990களில் இப்பொருளைப் புதினமாக்கியது. 2005இல் ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ஆகியவற்றிற்குப் பின்னர், பிறர் எழுதப் பொருளாயிருந்தோர் தாமே எழுதுவோராயினர்.

நீதிமன்றத் தீர்ப்புகள் அடுத்தடுத்து வந்தன. 2009 ஜூலை 2இல் தில்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவினின்றும் வயதுவந்தோரின் இசைவுறவை விலக்கியது. 2013 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6இல் அவ்வுறவு குற்றமன்று என உச்சநீதிமன்றமே அறுதியிட்டது. இடையே 2014 ஏப்ரல் 15இல், ஒருவர் தம் பாலைத் தாமே உணர்ந்துரைக்கும் உரிமையை அம்மன்றம் ஏற்றது. உள்ளத்து அவாவே பால் எனக் கண்ட நன்னூலார் கருத்திற்கு இது மிக அணித்தாக நிற்கின்றது. ஆயின் அஃறிணை என்னும் இழிவு இதன்கண் இல்லை.

நம் பொருளுக்கு நேரே உரியது 2019 ஏப்ரல் 22இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பாகும். தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஆடவர் ஒருவரும் திருநங்கை ஒருவரும் மணந்துகொண்டனர். பதிவு அலுவலர் அம்மணத்தைப் பதிய மறுத்தார். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என நீதிமன்றம் பொருள்கோடல் செய்து, மணத்தைப் பதியுமாறு ஆணையிட்டது. சொல்லின் பொருளை விரித்த அத்தீர்ப்பை உரையாசிரியர் மரபினதாகவே கருதலாம். அதனினும் குறிப்பிடத்தக்கது, மணமகன் தன் பெயருடன் முன்வந்து நின்றமையாம். கூவாகத்திற் காலங்காலமாகத் தெய்வம் நின்ற இடத்தில் மனிதன் ஒருவன் நின்றான். களவு, அரசின் பதிவேட்டிற் கற்பாயிற்று.

ஆயினும் இது பாதி வழியே. ஆடவர் இருவர் தம்முட் கொண்ட காதலுக்கு இவ்வாயில் திறக்கவில்லை. 2021 ஜூன் 7இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரே பாலிணையரைக் காவலர் துன்புறுத்தலாகாது என நெறிகள் வகுத்தது. 2023 அக்டோபர் 17இல் உச்சநீதிமன்றம், நடைமுறையிலுள்ள சட்டத்தின்கீழ் ஆண் பெண் இணையராகும் மாறிய பாலினர் மணம் செய்யலாம் என ஏற்றது. ஒரே பாலினர் மணத்திற்குச் சட்ட ஏற்பளிக்க இசைந்திலது. பெண்ணாகி வருவார்க்கே கற்பு என்னும் மோகினி கதையின் வரம்பு, சட்டத்தின் வரம்பாகவும் இன்று நிற்கின்றது. பராங்குச நாயகியின் நாள் முதல் விதிக்கப்பெற்ற அவ்வரம்பைக் கடந்தார்க்குக் களவு குற்றமன்று, கற்பு இல்லை.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தமிழ் இலக்கணம் பால் திரிந்த மாந்தரை உயர்திணையில் ஏற்றது. அவர்தம் காதலைப் பேசவில்லை. வாய்மொழிக் கதை அக்காதலுக்கு ஒரு மணத்தை ஆக்கித் தந்தது. கணவனை ஓரிரவிற்குமேல் வாழவிடவில்லை. கூவாகத்துச் சடங்கு மனைவியை வெளிப்படுத்திற்று. மனிதக் கணவனை மறைத்தது. சட்டம் ஒருவர் தம் பாலை முதலில் ஏற்றது. பின்னர் அவ்வுறவின் குற்றத்தை நீக்கிற்று. கணவனை அதன்பின்னரே, அதுவும் ஒரு வகை மணத்தில் மட்டும், பெயர் சொல்லி ஏற்றது.

தமிழாய்வு செய்வோர்க்கு இதனாற் கடமைகள் இரண்டு உள. அரவான் களப்பலிக் கூத்தின் ஏடுகளையும் அழுகளத்து ஒப்பாரிகளையும், பாடுவோர் இசைவு பெற்று, ஊர்தோறும் உள்ள வேறுபாடுகளுடன் தொகுத்தல் முதலாவது. திருநங்கையர் காதலையும் ஆடவர் இருவர் காதலையும் ஒன்றாகக் குழப்பாது, ஒவ்வொன்றற்கும் உரிய சான்றுகளைத் தனித்தனியே தேடுதல் இரண்டாவது. ஏடுகளின் மௌனம் இன்மைக்குச் சான்றாகாது. களவொழுக்கத்தின் இயல்பே வெளிப்படாமை என்பதனைத் தமிழ் பயின்றார் நன்கறிவர். தோழியின் கூற்றாலும் அலராலும் களவை உய்த்துணரக் கற்றவர் அவர். அப்பயிற்சி கூவாகத்தைக் கற்றற்கும் உதவும்.